வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் எடுக்கலாமா? யாரிடம் போய்க் கேட்கிறது?

பரந்தன் பொடியன் கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். நாலு வரியில் கேட்கத்தான் வந்தேன், எழுதத் தொடங்க நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கோ.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஆறு ஏக்கர் நெல் செய்கிறோம். மழைக்காலக் காலபோகம் முழுக்க, கோடைச் சிறுபோகம் குளத்துத் தண்ணீருக்குப் பங்கில் கிடைக்கிற அளவுக்கு. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. இன்னும் அவர்தான் 16 லீற்றர் தாங்கியை முதுகில் கொளுவிக்கொண்டு சேற்றுக்குள் இறங்குகிறார். ஏக்கருக்குப் பத்துத் தாங்கி. ஆறு ஏக்கருக்கு அறுபது. ஒருநாள் சும்மா இருந்து கணக்குப் பார்த்தேன்: ஒரு தரம் மருந்தடித்து முடிக்க அவருடைய முதுகு ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் சுமக்கிறது. கபில நிறத் தத்தி என்கிற நெற்பூச்சி வந்த போகம் என்றால் அதே சுமை இரண்டு மூன்று தரம். கூலிக்கு ஆள் பிடிக்கலாம் என்றால், பிடிக்க ஆள் இருக்க வேண்டுமே.

போன காலபோகத்தில் வெளி மாவட்டத்திலிருந்து ஒரு குழு கூலிக்கு ட்ரோனோடு வந்தது. பக்கத்து வயல் நாலு ஏக்கர். நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வரம்பில் வந்து நிற்க, பாதி வயல் முடிந்திருந்தது. எனக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

ஆனால் அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. பெரியம்மா வீடு வயலோடு ஒட்டினது. தேத்தண்ணிக் கிளாசைக் கொடுக்கப் போனேன். குசினி முழுக்கப் புகையும் சாம்பலும். அரைவாசி வெந்த சோற்றுப் பானை அடுப்பில், அடுப்புக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தார். "என்ன பெரியம்மா?" என்றேன். "வண்டு" என்றார். அவ்வளவுதான். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. வெளியில் இருக்கிறவர்களுக்கு: 2008, 2009இல் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் அது. வண்டு மேலே நின்றால் கொஞ்ச நேரத்தில் செல்லடியோ கிபிர் குண்டுவீச்சு விமானமோ வரும். புகை தெரியக்கூடாது. பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் கை தானாகப் போய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறது. பிறகு அவருக்கே வெட்கமாகிப் போய், "ஈர விறகு, பத்தேல்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்ப மூட்டத் தொடங்கினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ட்ரோன் எடுத்துக் கூலிக்கு அடிக்க யோசிக்கிறோம். ஒருவன் மனைவியின் நகையை அடைவு வைக்கவும் தயார். 20 லீற்றர் தாங்கியோடு பாவித்த மெஷின் ஒன்று வந்திருக்கிறது. விற்கிறவர் சொல்வது: "பேப்பர் எல்லாம் பிறகு பார்க்கலாம். வயலுக்குள்ள வந்து ஆர் கேட்கப் போகினம்?"

எனக்கு அந்த "பிறகு" பிடிக்கவில்லை. அதனால் ஒரு கிழமை அலைந்தேன். பெயர் சொல்லவில்லை, எல்லாரும் தெரிந்த மனுசர். முதல் கந்தோரில், விவசாயம்தானே, பக்கத்துக் கந்தோரில் கேள் என்றார்கள். பக்கத்துக் கந்தோரில், மருந்தைப் பற்றியென்றால் சொல்வோம், மெஷினைப் பற்றி எங்களுக்குச் சுற்றறிக்கை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் என் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்கத் துணிவு வரவில்லை. நாலாவது இடத்தில் ஒரு ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, எங்களுக்கு நிலத்தில நிற்கிறதுதான் சொந்தம். உன்ர சாமான் எழும்பிப் பறக்குது."

இதற்கு உண்மையில் எந்தச் சட்டம்? பாவித்த மெஷினைப் பேப்பர் இல்லாமல் வாங்கினால் பிறகு பதியலாமா? இரணைமடுவில் விமானப்படையின் ஓடுபாதை இருக்கிறது, அதனால் எங்கள் பக்கத்தில் பறக்கவே விடமாட்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. "தெரிந்த ஆள் இருக்கிறார், பார்த்துச் செய்வார்" என்கிற மறுமொழி வேண்டாம். அப்படி ஏற்கனவே மூன்று வந்துவிட்டது.

நெளுக்குளத்தான்:

தம்பி, முதல் சொல்: அந்த மெஷினை வாங்காதே. கலியாணவீட்டு வீடியோவுக்குச் சின்ன ட்ரோன் பறக்கவிட்டுப் பிழைக்கிறவன் நான், இந்த அலைச்சல் எனக்குப் பழக்கம்.

சட்டப்படி உன்ர மெஷின் மருந்து விசிறி இல்லை, விமானம். 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சேவைகள் சட்டத்துக்குக் கீழே வருகிறது. பொறுப்பு சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை, இருப்பது கட்டுநாயக்கவில். பதிவு அங்கே. பறக்கவிடுகிற அனுமதியும் அங்கேதான், பதிவு வேறு அனுமதி வேறு என்பதை மறக்காதே. அதோடு அது றேடியோ அலையில் ஓடுகிற சாமான், ஆகவே நாட்டுக்குள் கொண்டுவரும்போதே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் சம்மதம் வேண்டும். பாதுகாப்பு அமைச்சும் இடையில் வரும். விற்கிறவர் "பிறகு" என்று சொல்வது இங்கேதான் உதைக்கும். உள்ளே வரும்போது வாங்க வேண்டிய பேப்பர் இல்லாவிட்டால், வெளியே நின்று நீ பதிவுக்குப் போடுகிறதில் பிரயோசனம் இல்லை. மெஷினில் இருக்கிற தொடர் இலக்கமும் பேப்பரில் இருக்கிறதும் ஒன்றா என்று பார்க்காமல் ஒரு சதம் கொடுக்காதே.

எடையையும் பார். இங்கே வகை பிரிக்கிறது எடையை வைத்து, 25 கிலோ முக்கியமான கோடு. இந்தியாவிலும் 2021 விதிகளில் "சிறிய" வகை 25 கிலோவோடு முடிகிறது. 10 லீற்றர் மெஷின்களில் சில, தாங்கி நிறைய மருந்தோடும் அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே நிற்கிற மாதிரிச் செய்யப்பட்டவை. 20 லீற்றர் நிறைந்தால் நாற்பதைத் தாண்டும். முதல் மெஷினாக எதை எடுப்பது என்று நீயே யோசி.

ஓடுபாதைக்குக் கிட்ட என்றால் தனி அனுமதி இல்லாமல் எழுப்பாதே. வவுனியாவிலும் விமானப்படைத் தளம் இருக்கிறது, எனக்கு அந்த ஒழுங்கு பழகிவிட்டது. ஒன்று சொல்கிறேன், அனுமதி கையில் இருந்தாலும் நம்பி நித்திரை கொள்ள ஏலாது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு ஏப்ரல் 21ஆம் திகதி. அந்தக் கிழமையே நாடு முழுக்க ட்ரோன் பறப்பதை நிறுத்தினார்கள். மே மாதம் நாலு கலியாணத்துக்கு முற்பணம் வாங்கியிருந்தேன். திருப்பிக் கொடுத்தேன். கலியாணப் படம் போனால் போகட்டும், தத்தி வந்த கிழமையில் உனக்கு இப்படி ஒரு உத்தரவு வந்தால்? நகையை அடைவு வைக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டு வை.

வரம்போரம்:

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நெளுக்குளத்தார் சொன்னது பறக்கிற பக்கம். தாங்கிக்குள் இருக்கிறதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே.

தம்பி, உங்கள் அப்பா ஏக்கருக்கு 160 லீற்றர் தண்ணீரில் கலக்கிற அதே அளவு மருந்தை ட்ரோன் பத்து லீற்றர் சொச்சத்தில் கலக்கிறது. அதாவது பதினைந்து மடங்குக்குக் கிட்டக் கடுமை. துளி சின்னது, விழுவது தலைக்கு மேலே இருந்து, அதோடு இறக்கையின் காற்று. பக்கத்தில் ஒருவர் பயற்றங்காய் போட்டிருப்பார், நீங்கள் களைநாசினி அடிப்பீர்கள். மூன்றாம் நாள் அவருடைய கொடி சுருண்டு நிற்கும். யாரிடம் போவார்? விமானச் சட்டத்தில் பயற்றங்காய்க்கு இடமில்லை.

மருந்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். எந்த மருந்து விற்கலாம், போத்தலில் என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் பீடைகொல்லிப் பதிவாளரின் கையில். நான் வேலையில் இருந்தவரை கண்ட போத்தல்களில் கலவை அளவு முதுகுத் தாங்கிக்கே எழுதியிருந்தது. ட்ரோனுக்கு என்று எழுதாத மருந்தை ட்ரோனில் ஊற்றினால் பொறுப்பு ஊற்றுகிறவருடையது. ஆகவே மெஷினுக்குப் பேப்பர் தேடுகிற அதே கவனத்தோடு போத்தலையும் வாசியுங்கள்.

இன்னொன்று. எங்கள் நாட்டில் விவசாயக் கொள்கை இரவோடு இரவாக வரும். 2015இல் கிளைபொசேற் களைநாசினியைத் தடை செய்தார்கள். 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தினார்கள், நவம்பரில் அதை விட்டார்கள். இடையில் இந்தியாவிலிருந்து திரவ நனோ நைதரசன் விமானப்படை விமானத்தில் வந்து இறங்கியது. அதுவும் புதுத் தொழில்நுட்பம்தான். நெற்பயிர் மஞ்சளாக நிற்கிறபோது சனம் என்னைக் கேட்டது: ஐயா, இதை எத்தனை தரம் அடிக்கிறது, எப்ப அடிக்கிறது? எனக்கே அதற்கு முதல் கிழமைதான் சொல்லித் தந்தார்கள். கொள்கை பறந்து வந்தது, விளக்கம் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் வந்தது.

அதனால் மேலே இருந்து எல்லாம் வரும் என்று காத்திருக்காமல், உங்கள் குளத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதைக் கிளப்புங்கள். விதைப்புத் திகதியையும் கடைசித் தண்ணீர்த் திகதியையும் கட்டாக்காலி மாட்டுக்குத் தண்டத்தையும் அங்கேதானே தீர்மானிக்கிறோம். "முதல் நாள் அறிவித்தல் இல்லாமல் ட்ரோன் அடிக்கக் கூடாது, கிணற்றுக்கும் குடிமனைக்கும் இவ்வளவு தூரம் விட வேண்டும்" என்று அங்கே எழுதிவைக்க ஒருவரும் தடுக்கமாட்டார்கள். பறக்கிற அனுமதியை அது தராது. ஆனால் உங்கள் பெரியம்மாவுக்கு அறிவித்தல் கொடுக்கும்.

சூரிச் மாமா:

இங்கே சுவிஸில் 2019இலேயே மருந்தடிக்கிற ட்ரோனுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள், ஐரோப்பாவில் முதல் நாடு. முந்திரிகைத் தோட்டம் எல்லாம் செங்குத்து மலைச்சரிவில், ஹெலிகொப்டரில் அடித்து வந்தவர்கள். ட்ரோனை ஹெலிகொப்டரோடு சேர்க்காமல், நிலத்தில் நின்று அடிக்கிற கருவியைப் போலக் கணித்தார்கள். மருந்து எவ்வளவு தூரம் காற்றில் போகிறது என்று அரசாங்க ஆய்வு நிலையம் அளந்து பார்த்துத்தான் அந்த முடிவு. பக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009ஆம் ஆண்டு நெறிமுறைப்படி வானத்திலிருந்து மருந்தடிப்பதே பொதுவில் தடை, விதிவிலக்குக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே மெஷின், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் விமானம், இந்தப் பக்கம் விசிறி. ஊரிலும் ஒரு தரம் அளந்து பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒட்டுசுட்டான் அக்கா:

மாமா, அளக்கிறதைப் பற்றித்தான் நானும் சொல்ல வந்தேன், ஆனால் வேறு அளவை.

மருந்தடிக்கிற ட்ரோன் சும்மா பறக்காது. முதலில் வயலின் எல்லையைச் சுற்றி ஒரு வரைபடம் போடும். வரம்பு, கிணறு, மரம், வீடு எல்லாம் அதற்குள். அந்த வரைபடம் எங்கே போய் இருக்கிறது? கூலிக்கு வந்த பொடியனின் போனிலா, மெஷின் செய்த கம்பனியிலா? எங்கள் பக்கத்தில் தாத்தா காலத்தில் செய்த காணியை விட்டுப் போரில் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்து பார்த்தால், மரம் வளர்ந்திருக்கிறது, காடு என்று எல்லைக்கல் போட்டிருக்கிறார்கள். காணி அனுமதிப்பத்திரத்தைப் போரில் தொலைத்தவர்கள் எத்தனை பேர். அப்படி இருக்க, துல்லியமான வரைபடம் ஒருவரின் கையில் இருப்பது நல்லதுக்கும் உதவும், கெட்டதுக்கும் உதவும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 மார்ச்சில் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர இருந்து, பிறகு தள்ளிப்போட்டார்கள். அதே காலத்தில் ஸ்டார்லிங் செய்மதி இணையத்துக்கு வேலை எப்படி நடந்தது? 2024 ஜூலையில் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி, ஓகஸ்ட்டில் அனுமதிப்பத்திரம், 2025 ஜூலையில் சேவை. வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் காட்டுக்குள் அது வந்தால் நல்லதுதான். கதவு திறக்கிற சட்டம் ஓடுகிறது, பூட்டுப் போடுகிற சட்டம் நொண்டுகிறது என்கிறேன்.

தம்பி, நீ கூலிக்கு அடிக்கப் போனால், வேலை முடிய வரைபடத்தை வயல்காரருக்குக் கொடுத்துவிட்டு உன் போனில் அழித்துவிடு. சட்டம் கேட்காவிட்டாலும்.

அதோடு, பெற்றோல் பங்கீட்டுக்குக் கொடுத்த கியூஆர் ஞாபகம் இருக்கிறதா? 2022இல் வாகன இலக்கம் உள்ளவருக்குத்தான் முதலில் வந்தது. தண்ணி இறைக்கிற மோட்டருக்கு இலக்கத்தகடு இல்லை என்பதை யோசிக்காமலே தொடங்கினார்கள். ட்ரோனுக்குப் படிவம் போடுகிறவர்களும் எங்கள் வயலைப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்காதே.

நெளுக்குளத்தான்:

அக்கா, வரைபடத்தை அழிக்கச் சொல்கிறீர்கள், அடுத்த போகம் திரும்ப அரை நாள் செலவழித்துப் போட வேண்டும். பொடியன் பாவம்.

ஒட்டுசுட்டான் அக்கா:

வயல்காரரிடம் இருக்கும், கேட்டு வாங்கட்டும். கேட்கிறதுதான் விஷயம்.

பரந்தன் பொடியன்:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

அந்த 20 லீற்றர் மெஷினை விட்டுவிட்டோம். தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஒட்டியிருந்த தகட்டைச் சுரண்டிய அடையாளம் படத்திலேயே தெரிந்தது. "மழையில போயிட்டுது" என்றார். இப்போது 10 லீற்றர் புது மெஷின், பேப்பரோடு விற்கிற இடத்தில் விலை கேட்டிருக்கிறோம். காசு கூட. மூன்று பேர் போதாது, நாலாவது ஆளாகக் கமக்காரர் அமைப்பே சேருமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அமைப்பின் பெயரில் பதிந்தால் பொறுப்பும் எல்லாருக்கும் வரும், ஒருவன் தலையில் விழாது.

வரம்போரம் ஐயா, கூட்டத்தில் கிளப்பினேன். மாட்டுச் சண்டை ஒன்றரை மணித்தியாலம் போனது. எல்லாரும் எழும்பப் போகிற நேரத்தில் கையை உயர்த்தினேன். அதிகாரி ஒருவர், இது எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று தொடங்கினார். அப்போது பின்னுக்கு இருந்த ஒரு அம்மா எழும்பினார், எனக்கு முன்பின் தெரியாதவர். "பறக்கிறதை நீங்கள் பாருங்கோ ஐயா. முதல் நாள் எங்களுக்குச் சொல்லிப்போட்டுப் பறக்கச் சொல்லி மட்டும் எழுதுங்கோ" என்றார். பிறகு ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. முதல் நாள் பின்னேரம் கோயில் ஸ்பீக்கரில் சொல்வது, வட்ஸ்அப் குழுவில் போடுவது, காலை ஆறரைக்கு முதல் எழுப்புவதில்லை, வாய்க்கால் தண்ணீரில் தாங்கி கழுவுவதில்லை. எழுதிக்கொண்டார்கள். கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதில் இழுபறி, அடுத்த கூட்டத்துக்கு. பயற்றங்காய்க்காரர் அடுத்த கூட்டத்துக்கு நிச்சயம் வருவார், என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டுதான் போனார்.

பெரியம்மாவிடம் வந்து சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எத்தினை மணிக்கு எண்டாய்?" என்றார். ஆறரை என்றேன். "அப்ப அண்டைக்கு அஞ்சுக்கே சோறு வடிச்சுப்போடலாம்" என்றார்.

நெளுக்குளத்து அண்ணை, ஒரு உதவி. விண்ணப்பத்தில் எங்கே பறக்கப்போகிறது என்ற இடத்தில் வயலின் பெயரை எழுதுவதா, ஜிபிஎஸ் இலக்கத்தை எழுதுவதா? எங்கள் வயலுக்கு ஊரில் ஒரு பெயர், காணி உறுதியில் இன்னொரு பெயர்.

நெளுக்குளத்தான்:

மூன்றையும் எழுது. ஓடுபாதையிலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்பதையும் அளந்து பக்கத்தில் போடு. விண்ணப்பத்தின் போட்டோப் பிரதி ஒன்று கையில் வைத்திரு, அனுப்பின திகதியோடு.